மிச்சம் ஆறு

முதல் நாள் நாலு, மறுநாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு.
ஆளுக்குப் பத்துக் குளிசை.
யாரும் எனக்குப் படிப்பித்ததில்லை,
பேணியின் ஒட்டுத்தாளில் இருந்தது.

கட்டைபறிச்சானில் என் கடை.
சீனி, சவுக்காரம், மண்ணெண்ணெய்,
கச்சான் போத்தலுக்குப் பக்கத்துப் போத்தலில்
குளோரோகுயின்.
திருகோணமலையில் வாங்கி லோஞ்சில் கொண்டு வருவேன்.
மூதூர் இறங்குதுறையில் பையைக் கொட்டி எண்ணினார்கள்.
இவ்வளவு எதற்கு?
ஊருக்குக் காய்ச்சல் என்றேன்.
பாதியை வைத்துக்கொண்டு பாதியைத் தந்தார்கள்.
அவர்களுக்கும் காய்ச்சல்தான்.

மாரி முடிந்த கையோடு
ஒருநாள் விட்டு ஒருநாள் ஊர் நடுங்கியது.
திங்கள் நடுங்கியவர் செவ்வாய் வயலுக்குப் போனார்,
புதன் சாக்கைப் போர்த்திக்கொண்டு
உச்சி வெயிலில் குந்தியிருந்தார்.

பத்தாக வாங்கியவர் யாருமில்லை.
நாலு தாங்க, நெல்லு வெட்டினதும் மிச்சம்.
ரெண்டு போதும், போனமுறையும் ரெண்டோட விட்டது.
ஒருத்தி ஒன்றே ஒன்று வாங்கினாள்,
அதையும் வாயால் கடித்துப் பாதியாக்கி
வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தாளாம்.
பிள்ளை பழத்தைத் தின்றது,
குளிசையைக் கோழி கொத்திப் பார்த்துவிட்டுப் போனதாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கோணாமலைக்கு என்று
பரிபூரணம் வந்து நாலு எடுத்தாள்.
கொப்பியில் எழுதினேன்:
குளிசை 4. மிச்சம் 6.

நாலோடு வேர்த்து விட்டதாம்.
பசிக்கிறது என்று மீன்குழம்பு கேட்டானாம்,
தின்றுவிட்டு வரம்பு கட்டப் போனான்.
என் கடையைத் தாண்டித்தான் போனான், மண்வெட்டியோடு.

ஆறையும் கொண்டு போ, காசு பிறகு பார்ப்பம் என்று
அவளிடம் சொன்னேனா?
சொன்னதாகத்தான் நினைவு.
அப்போது கடையில் மூன்று பேர் நின்றார்கள்,
ஒருவருக்குத் தேங்காயெண்ணெய் அளந்துகொண்டிருந்தேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

மூன்று கிழமையில் திரும்பி வந்த காய்ச்சல்
நாள் விட்டுக் காத்திருக்கவில்லை.
பிளேன்ரீ நிறத்தில் சிறுநீர் போனது.
வைக்கோல் பரப்பிய உழவுப்பெட்டியில்
மூதூருக்குக் கொண்டு போனார்கள்.
முதல் காய்ச்சலில் மலேரியாக்காரர் விரலில் குத்தி
கண்ணாடித் துண்டில் தேய்த்துப்போன இரத்தத்துக்கு
இப்போதுதான் துண்டு வந்தது.
ஊரின் கடிதமெல்லாம் என் கடைக்குத்தான் வரும்.
இரண்டு இங்கிலீசு எழுத்தும் ஒரு கையொப்பமும்.
கல்லாவுக்குள் வைத்தேன்.
கொடுப்பதற்கு ஆள் இல்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்து
பரிபூரணம் வந்தாள்.
சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள்.
நாலு குளிசைக் காசு, அக்கா.
மற்ற ஆறும் நாங்க எடுக்கல்ல,
கணக்கில் சேர்த்துப்போடாதீங்க.

பலகையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன்.
வெளியே யாரோ சீனி கேட்டார்கள்.

சில்லறை சரியாக இருந்தது.
வாங்கிக்கொண்டேன்.