இரண்டு குழாய்

குலசேகரம். ரப்பர்ப்பால் வாடை
மழைக்கு முந்தி வந்து ஜன்னலில் நிற்கிறது.
தோல் பார்க்கிற நாள் இன்று.
பார்ப்பதென்ன,
பாதிக்குமேல் கேட்பதுதான்.

மீன் கொண்டுவரும் கிளமென்சி
சேலை ஒதுக்கிக் காட்டிய இடத்தில்
ஒன்றுமே இல்லை.
"காலையில இருந்தது டாக்டரே, வட்டம் வட்டமா.
பொய் சொல்ல எனக்கென்ன கிறுக்கா?"
பேச்சு முடியுமுன்
முழங்கையில் ஒன்று எழுந்தது.
பேனாவால் அதைச் சுற்றி வரைந்து
பெஞ்சில் இருக்கச் சொன்னேன்.

முருங்கை ஏறின பையனின் கழுத்தில்
ஒட்டுநாடா ஒட்டி உரித்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தால்
கம்பளிப்பூச்சியின் மயிர், ஏழெட்டு.
அழுகையை நிறுத்திவிட்டு எண்ணினான்.

அண்டி ஆபீஸில் தோடுடைக்கும் லீதியாளுக்கு
விரலில் கருப்பு, இமையில் தடிப்பு.
இமை ஆபீஸுக்குப் போனதில்லை,
விரல்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

அப்புறம் யேசுவடியான். பால் வெட்டுகிறவர்.
விரலிடுக்கில், மணிக்கட்டில், இடுப்புவார் இறுகும் இடத்தில்
பொடிப்பொடியாய்ப் பரு.
லென்ஸுக்கடியில் ஒரு கோடு,
பென்சில் நழுவினதுபோல்.
கோட்டின் முனையில் ஒரு புள்ளி.
"ராத்திரி கூடுமா?"
"ஒறங்க விடாது."
"வீட்டில் வேற யாருக்கு?"
"வீட்டில நான் ஒருத்தன்தான்.
அவ போயி ஆறு வருசம்."

இந்தப் பூச்சி பறக்காது. குதிக்கவும் தெரியாது.
ஒரு தோலிலிருந்து மறு தோலுக்கு
மெல்ல நடந்தே வரவேண்டும்,
அதற்கு இருவரும்
வெகுநேரம் விலகாமல் இருக்கவேண்டும்.
சொல்ல வாயெடுத்தேன்.
தகரத்தில் மழை விழுந்தது.

"கழுத்திலிருந்து பாதம்வரை பூசி
காலையில் குளிக்கணும்.
ஏழு நாள் கழிஞ்சு இன்னொரு தடவை.
விரிப்பெல்லாம் வெந்நீரில் போடணும்.
பக்கத்தில் படுக்கிற ஆள்
யாராயிருந்தாலும்
அதே ராத்திரி பூசணும்.
இல்லாட்டி திரும்ப வரும்."

அவர் மழையையே பார்த்தார்.
வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்த பெருவிரல்
மேசை விளிம்பைத் தேய்த்தது.
"ஒரு குழாய் தெகையுமா டாக்டரே?"

இரண்டு என்று எழுதினேன்.
"மத்ததுக்குப் பேரு..."
"எழுதாண்டாம்" என்றார்.
எழுதவில்லை.
சீட்டை நான்காய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்தவர்
வாசலில் நின்று
குடையை விரிக்க மறந்து இறங்கினார்.

பெஞ்சிலிருந்து கிளமென்சி முழங்கையை நீட்டினாள்.
மை வட்டம் அப்படியே இருக்கிறது,
உள்ளே வெறும் தோல்.
தடிப்பு இப்போது தோள்பட்டையில்.
"என்ன தின்னீங்க?"
தயங்கினாள். கூடையைப் பார்த்தாள்.
"நேத்து விக்காத சூரை.
அதைப் போயி
ஒருத்தருக்குக் குடுப்பேனா?"