இடஞ்சுழி

முதல் வருஷம் பாதை என்று எதுவும் இல்லை.
நெடுவிளைக் குளம் வற்றிக் கிடந்தது.
கரம்பை வெடிப்பில் கணுக்கால்வரை போகும்.
கொம்பையா நாலு டீசல் டிரம்மை உருட்டி வந்து
மூலைக்கொன்றாய் நிறுத்தினான்.
"இதச் சுத்தணும், அம்புட்டுதான்."
சதுரமாகத்தான் போட்டோம்.
சாயங்காலத்துக்குள் வண்டிகளே அதை
முட்டை வடிவமாக்கிவிட்டன.

நான் தண்ணி லாரிக்காரன்.
பன்னிரண்டாயிரம் லிட்டர்,
பின்னால் ஓட்டை போட்ட குழாய்.
பந்தயத்துக்கு முன்னால் இரண்டு சுற்று,
இடைவேளையில் ஒன்று.
தூசி எழும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
என் உத்தியோகம் அவ்வளவே.

அந்த வண்டிகளுக்கு பிரேக் கிடையாது.
"அப்ப எப்படிவே நிக்கும்?"
"நிக்கதுக்கா வந்திருக்கோம்?" என்றான் மிக்கேல்,
வெல்டிங் பட்டறையில் தன் இடது பூட்ஸுக்கு
மாட்டுக்கு அடிப்பதுபோல் லாடம் அடித்துக்கொண்டே.

கோயிலை வலம் வருகிற ஊர்.
இவர்கள் இடம் வந்தார்கள், ஆட்டத்துக்கு நாலு சுற்று,
இரும்புக் காலைத் தரையில் இழுத்து,
ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்து
இடப்பக்கம் போனார்கள்.
முன்னோர்கள் பார்த்திருந்தால்
திருஷ்டி கழித்திருப்பார்கள்.

தேரியிலிருந்து எட்டு லோடு செம்மண்
ஒரு ராத்திரி வந்து இறங்கியது.
ரசீதை யாரும் கேட்கவில்லை.
கறுப்பு மேல் சிவப்பு, பார்க்க அழகுதான்.
ஆடிக் காற்று முக்கால்வாசியை ஊருக்குள் கொண்டுபோனது.
ஜெபக்கனி டீச்சர் ரசம் பாத்திரத்தோடு வந்து
கொம்பையாவைக் குடிக்கச் சொன்னாள்.
குடித்தான்.

காற்றாடிக் கம்பெனி வந்தபோது
இறக்கை ஏற்றிய லாரி திரும்புவதற்கு இடம் கேட்டது.
வடக்கு வளைவை எழுபதடி உள்ளே இழுத்தோம்.
இழுத்தது காகிதத்தில் சின்னக் கோடு.
அந்தக் கோட்டில்தான் செல்வின் வேலிக்குப் போனான்.
பிழைத்தான்; இப்போது பணகுடியில் செல்போன் கடை.
பலகை வேலி போய் லாரி டயர் வந்தது,
டயருக்கு முன்னால் வைக்கோல் கட்டு வந்தது.
அவன் ஹெல்மெட்டின் நீலம் ஒட்டிய ஒரு பலகையை மட்டும்
ஏனோ யாரும் கழற்றவில்லை.

பிறகு அந்தக் கோடை.
விலக்கில் என்னை மறித்தார்கள்,
முப்பது பெண்கள், நூறு குடம்.
யாரும் சத்தம் போடவில்லை.
ஒருத்தி டயர் முன்னால் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தாள்.
வால்வைத் திறந்துவிட்டேன்.
கடைசிக் குடம் பாதிதான் நிறைந்தது.

அன்று பாதையில் தூசி
கட்டடம்போல் எழும்பி நின்றது.
இரண்டாம் ஆட்டத்தில் ஒருவனை ஒருவன் காணவில்லை,
சத்தத்தை வைத்து ஓட்டினார்கள்.
கொம்பையா சிவப்புக் கொடியை ஆட்டினான்.
அதுவும் தெரியவில்லை.
ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை சவம்.

அடுத்த கோடையில் அவனே யோசனை சொன்னான்:
உப்பளத்தில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும்
கசப்புத் தண்ணீர்.
தெளித்தால் மண் ஈரத்தை விடாது.
நாலு மாதம் ஓட்டினேன்.
அந்த வண்டியை எவளும் மறிக்கவில்லை.

மண் கெட்டிப்பட்டது, வேகம் கூடியது,
சங்கிலிகள் துருப்பிடித்து அறுந்தன.
என் டேங்கின் வயிறும் அரித்துவிட்டது.
கழுவிக் கழுவிப் பார்த்தேன்.
ராதாபுரம் ஓட்டல்காரர் ஒரு மடக்கு குடித்துவிட்டு
காசைத் திருப்பிக் கேட்டார்.
இப்போது கட்டட வேலைக்குக்கூட
என் தண்ணீர் வேண்டாம் என்கிறார்கள்.

கார்த்திகையில் குளம் பெருகியது.
டயர் வேலி நனைந்து, மிதந்து, எங்கோ போனது.
நாலு மாதம் நாரைகளுக்கு.

வற்றியதும் போய்ப் பார்த்தேன்.
குளமெங்கும் கோரை, பச்சை.
நடுவில் ஒரு வளையம் மட்டும்
வெளுத்து, புல் முளைக்காமல்
நாங்கள் விட்டுப்போன அளவு மாறாமல் கிடக்கிறது,
எழுபதடி குறைந்த வடக்கு வளைவோடு.

கொம்பையா பக்கத்தில் நின்று
"கொஞ்சம் மேக்க தள்ளிப் போடுவமா?" என்கிறான்.
"தண்ணிக்கு?" என்று கேட்டேன்.
அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
வளையத்தில் ஏழெட்டு எருமைகள்
உப்பை நக்கியபடி
ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வருகின்றன.

வலமாக.