சீட்டுக்குப் பின்னால்

வண்டியோடு வந்த ஸ்பீக்கரில்
ஆண், பெண், செய்தி, விளம்பரம்
எல்லாருக்கும் ஒரே சளி.

வத்தலக்குண்டில் சர்புதீன் கதவைப் பிரித்தான்.
காகிதக் கூம்பு ஓரமெல்லாம் கிழிந்து
உள்ளே ஒரு பூண்டுத் தோல்.
"இதுவா இத்தனை நாள் பாடுச்சு?"

ஜாக்கியும் தார்ப்பாய்க் கயிறும் கிடந்த இடத்தில்
ஊஃபர் பெட்டி உட்கார்ந்தது.
கயிறு இனி என் காலடியில்.
கதவுத் தகரம் அதிராமலிருக்க
கறுப்பு ஷீட் ஒட்டினான், அதற்குத் தனிக் காசு.
மூன்று நடை வாடகை போச்சு.

பூம்பாறைக்குக் காலி வண்டி.
பெருமாள்மலை தாண்டி மஞ்சு இறங்கி
முதுகெலும்பில் தபேலாவும் இறங்கிய நேரம்
போன் வந்தது,
தானாகவே எடுத்துக்கொண்டது.

வடுகபட்டி மண்டி தவசிலிங்கம்.
அவர் செருமியதில் சீட்டு நடுங்கியது.
"கிலோவுக்கு முப்பது இறங்கிடுச்சு ராயப்பா."
ஓர் எழுத்துகூடப் பிசிறவில்லை.
பின்னால் எடைக்கல் வைக்கும் சத்தம்,
யாரோ சிரித்தது,
அவர் டீ உறிஞ்சியது வரை.

பழைய ஸ்பீக்கராக இருந்தால்
"என்னண்ணே, கேக்கல, மலையில இருக்கேன்" என்று
நாளைக்குத் தள்ளியிருப்பேன்.