பொருள் எண் நாற்பத்தொன்று

குழு வருகிறது என்றதும்
கிச்சிப்பாளையத்துத் தெருவின் இரண்டு ஓரமும்
பிளீச்சிங் பவுடரில் விடிந்தது.
பன்றிகளை யாரோ முந்தின இரவே
வண்டியில் ஏற்றிப் போயிருந்தார்கள்.

நான் மாநகராட்சியில் மன்றப் பிரிவு எழுத்தர்.
தீர்மானப் புத்தகத்தைச் சுமப்பது என் வேலை.
பொருள் எண் நாற்பத்தொன்று:
திருமணிமுத்தாற்றில் விழும் சாக்கடையை
இரண்டடியிலிருந்து நாலடியாக்க
மன்றம் ஒருமனதாக ஏற்றது.
(எங்கள் மன்றத்தில் ஒருமனது அபூர்வம்.
அன்று மின்சாரம் இல்லை,
எல்லோருக்கும் வீட்டுக்குப் போகணும்.)

மதிப்பீடு வரம்பைத் தாண்டியதால்
கருத்துரு கோட்டைக்குப் போனது.
எங்கள் ஊர்க் கோட்டை இல்லை,
சென்னைக் கோட்டை.
கோட்டை விளக்கம் கேட்டது.
விளக்கம் போனது.
விளக்கத்துக்கு ஒரு விளக்கம் கேட்டு வந்தது.
நடுவில் இரண்டு ஐப்பசி
யாரிடமும் ஒப்புதல் வாங்காமல்
ஏற்காட்டு மலை இறங்கி வந்து
குல்சார் பேகம் வீட்டு அரிசி டிரம்மை
வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தன.

உறுப்பினர் மாதம்மாள் தையல் கடைக்காரர்.
இன்ச் டேப் எப்போதும் கழுத்தில்.
போன வருடம் எல்லோரையும் தில்லிக்கு
அழைத்துப் போய்
தலைநகரத்து மாநகராட்சியைக் காட்டினார்கள்.
திரும்பி வந்து சொன்னார்:
"அங்க நாடாளுமன்றமே தலைமேல குந்தியிருக்குதுங்க.
பக்கத்து ரோட்டுல இருந்தே பாக்குது.
நமக்கு முந்நூத்தி நாப்பது கிலோமீட்டராவது
இடைவெளி இருக்குது."

பதினோரு மணிக்குச் சட்டமன்றக் குழு
மூன்று காரில் வந்து இறங்கியது.
மாதம்மாள் குனிந்து டேப்பைப் பிடித்தார்,
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்.
இருபத்து நாலு அங்குலம்.

குழுத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.
பக்கத்தில் நின்ற பையனிடம்
ஒரு மூங்கில் குச்சி வாங்கினார்.
அகலத்தை விட்டுவிட்டு உள்ளே இறக்கினார்.
ஒரு சாண் போனதும் குச்சி நின்றது.
"இருக்கற ரெண்டடியக் கடைசியா
யாரம்மா தூர்வாரினது?"

அதிகாரிகள் கைபேசியைப் பார்த்தார்கள்.
குல்சார் பேகம் மட்டும் வாசலிலிருந்து
"யாருமில்ல" என்றார்,
அவரை யாரும் கேட்காதபோதே.
என் கக்கத்தில் இருந்த புத்தகத்தில்
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
தூர்வாரிய செலவு மூன்று லட்சத்துச் சொச்சம்,
பதிவு செய்யப்பட்டது,
என் கையெழுத்தில்.
அதற்குக் கை தூக்கியவர்களில்
மாதம்மாளும் ஒருவர்.

குழு தட்டுவடை செட் சாப்பிட்டது,
காரம் என்றது, ஓமலூர் பக்கம் போனது.
குறிப்பில் எழுதினேன்: பார்வையிட்டது.

சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மாதம்மாள் கூப்பிட்டார்.
"தூர்வாரின கணக்க மன்றத்துல வெக்கச் சொல்லி
ஒரு பொருள் எழுதுங்க."
யார் மேலங்க?
"நம்ம மேலதான்."

பேனாவைத் திறந்தேன்.
இதற்குக் கோட்டையின் அனுமதி வேண்டுமா என்று
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன், பழக்கதோஷம்.
அப்படி எதுவும் இல்லை.
வெளியே தூறல்.
டேப்பைச் சுருட்டாமல் ஆணியில் மாட்டியிருந்தார்,
சேறு இன்னும் காயவில்லை.