இருபத்தைந்து சொல்

செஞ்சிலுவைத் தாளில்
இருபத்தைந்து சொல்லுக்கு மேல் ஆகாது.
அம்மா விரல்விட்டு எண்ணினாள்,
நான் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேனாம்.
ஆடு ஈன்றதற்கு மூன்று,
கூரை ஒழுகுவதற்கு இரண்டு,
என் முதல் பல்லுக்கு நாலு.
மிச்சமெல்லாம் மழைக்கு.

கார்மோய்த் தீவை விட்டுப்போன அதே தாள்
ஜூனில் திரும்பிவந்தது.
பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து:
'கூரைக்குத் தார் பூசு.
கொதிகலன் ஓரம் படுக்கை, குளிரே இல்லை.'

பிப்ரவரியிலேயே
கப்பல் போயிருந்தது.

தெரியாமல் மறுபடி எழுதினாள்.
இருபத்துநாலில் முடிந்துவிட்டது.
ஒரு சொல் போட்டாள்,
ஜெர்மன்காரன் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவான் என்று
அதை அழித்துவிட்டு
'மீன்' என்று எழுதினாள்.

விடுதலைக்குப் பிறகு ஒரு மே மாதம்
பாதிரியார் சைக்கிளில் வந்தார்.
கைப்பிடியை விடாமலே நின்றார்.
அவர் வாய் திறக்குமுன்
அம்மா அடுப்பை அணைக்கப் போனாள்.

இப்போது துறைமுகத்தில் ஒரு கல்:
தோர்லைவ், கரி தள்ளுபவர், ஆண்டு.
பூ வைக்கும் நாளில் அவள் வருவதில்லை.
ஒருமுறை மட்டும்
உருளைக்கிழங்குப் பையோடு கடந்துபோகையில்,
நடையைக் குறைக்காமல்,
கல்லைப் பார்க்காமல் சொன்னாள்:
"கூரை மாத்தியாச்சு."