ஆறு மாத உத்தரவாதம்

உலான்பாத்தரில் இன்று பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொரு பாகை.
கரிப்புகை பேருந்து நிறுத்தம்வரை இறங்கி வந்து நிற்கிறது.
இந்தக் குளிரில் கைபேசிகள் செத்துப்போகும்.
என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

மிச்சித்மா வருவது இது மூன்றாம் முறை.
முதல் முறை திரை உடைந்திருந்தது. விழுந்துவிட்டது என்றாள்.
இரண்டாம் முறையும் திரை. மறுபடி விழுந்துவிட்டதாம்.
கை தவறி விழும் கைபேசி மூலையில்தான் உடையும்.
இதில் நட்டநடுவே சிலந்தி வலை.
பதினோரு வருடமாக இதே தொழில் எனக்கு.
ஒன்றும் கேட்கவில்லை. கூலியில் கொஞ்சம் குறைத்தேன்.

இன்று பேட்டரி.
"நானே அணைத்துவிட்டேன்னு நினைப்பார்" என்றாள்,
கையுறையைக் கழற்றாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.
வாங்கி என் கம்பளிக்குள், அக்குளில் இடுக்கிக்கொண்டேன்,
பனியில் பிறந்த ஆட்டுக்குட்டியை மேய்ப்பவர்கள் வைப்பதுபோல.
இரண்டு நிமிடம். உயிர் வந்தது.

கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.
அதிர்ந்தது. நகர்ந்தது.
மல்லாந்த வண்டுபோலத் துடித்துத் துடித்து
மேசை விளிம்புக்கே வந்துவிட்டது.
நாற்பத்து மூன்று செய்திகள்.
நான் படிக்கவில்லை.
எண்ணிக்கையே போதுமாயிருந்தது.

"கடவு எண்?"
"விரல் வைத்துத்தான் திறப்பேன். எண் அவருக்குத்தான் தெரியும்."
அணைந்து எழுந்த கைபேசி விரலை நம்பாது.
என் கடைத் தொலைபேசியில் அவனை அழைத்தாள்.
ஒன்றையே மூன்று முறை சொன்னாள்:
கடையில். கடைக்காரம்மாதான். ஆமாம், பொம்பளைதான்.
பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்,
நான் பெண் என்று நானே சொல்ல.
சொன்னேன்.

அக்கறை என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு.
முதல் கல்யாணத்தில் நானும் அப்படித்தான் அழைத்தேன்.
பார், மணிக்கு எத்தனை முறை கூப்பிடுகிறான் என்று
தோழிகளிடம் காட்டியிருக்கிறேன்.
பொறாமைகூடப் பட்டார்கள்.

ராத்திரி இங்கேயே இருக்கட்டும், உதிரிபாகம் வரவேண்டும் என்று
ஒரு பொய் நாக்குநுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.
அந்த ஓர் இரவுக்கு விலை கொடுக்கப்போவது நானில்லையே.
ரசீதில் 'ஆறு மாத உத்தரவாதம்' என்று எழுதினேன்.
இந்தச் சந்தையில் பேட்டரிக்கு யாரும் அப்படித் தருவதில்லை.
அதன்கீழ் என் சொந்த எண். 'எந்நேரமும்.'
நாலாய் மடித்துக் காலணிக்குள் வைத்தாள்.
கைப்பையில் வைக்கவில்லை.

அப்படியானால் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஏழு மணிக்குக் கதவை இறக்கினேன். என் கைபேசி அதிர்ந்தது.
தாம்தின்: எங்கே இருக்கிறாய்?
அதே இரண்டு சொற்கள்.
இவனோடு ஆறு வருடம் ஆகிவிட்டது,
இன்னும் என் தோள்கள் காதுவரை ஏறுகின்றன.
கடையில், என்று அடித்தேன்.
சரி. எலும்பு சூப் வைத்திருக்கிறேன். வழுக்கும், பார்த்து வா.
காத்திருந்தேன்.
யாரோடு, ஏன் இவ்வளவு நேரம், ஒரு படம் எடுத்து அனுப்பு...
வரவில்லை. எதுவும் வரவில்லை.

கேள்வியில் ஒன்றும் தெரியாது போலிருக்கிறது.
பதில் போய்ச் சேர்ந்த பிறகு
மூச்சு இறங்குகிறதா, அங்கேயே நிற்கிறதா?
எனக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான்.
என் மேசையிலுள்ள எந்த மீட்டரும் காட்டாது.

பேருந்தைத் தவறவிட்டேன்.
அடுத்ததை வேண்டுமென்றே விட்டேன்.
ஆவி பறக்கும் பூஸ் நாலு வாங்கி
நிறுத்தத்திலேயே நின்று தின்றேன், விரலெல்லாம் ஆட்டுக்கொழுப்பு.
யாருக்கும் தெரிவிக்கவில்லை.

வீட்டில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தான்.
சூப்பின்மேல் தட்டு, தட்டின்மேல் பழைய துண்டு.
வயிறு நிறைந்திருந்தும் ஒரு கிண்ணம் குடித்தேன்.

படுக்கும்போது, பல வருடங்களுக்குப் பிறகு,
கைபேசியின் சத்தத்தை முழுக்க ஏற்றி
தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்,
தெரியாத எண் ஏதாவது கூப்பிட்டால்.