பதிவேட்டில் வராதது

உவரிக் கரையில் ஆனிக்காற்று
தார்க்கட்டிகளை ஒதுக்கியிருந்தது.
மிதித்துவிட்டு வந்த ஜெசிந்தாவின் குதிகாலை
மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறேன்.

மோந்ததுமே தெரிந்துவிட்டது,
இன்ஜின் ரூம் கசடு.

எங்கள் கப்பலில்
தலைக்கவசம் மறந்தால் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள்.
ஏணிக் கைப்பிடிக்குக்கூடச் சரிபார்ப்புப் பட்டியல்.
பட்டியலில் வராத ரப்பர் குழாய் ஒன்று
இரவு இரண்டு மணிக்கு
பிரிப்பானுக்குத் தெரியாமல் கடலுக்குப் போகும்.
விடிந்ததும் எண்ணெய்ப் பதிவேட்டில் எழுதுவேன்:
‘எரிக்கப்பட்டது, ஒன்றரை கனமீட்டர்.’
கையெழுத்து, ஃபோர்த் இன்ஜினியர்
ரோ. கஸ்பார் மிராந்தா.

புகார் சொல்ல ஒரு நம்பர் உண்டு,
மெஸ் சுவரில், கெட்ச்அப் பாட்டிலுக்கு மேலே.
ஏழு மாதம் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.
இப்போதும் மனப்பாடம்.

“போயிருச்சு, ஓடு” என்கிறேன்.
“இன்னொரு காலு இருக்குல்லா மாமா”
என்று மாற்றி நீட்டுகிறாள்.